டாக்டரைக் கேளுங்கள்: சுகர் என்று மூன்று மாதம் காத்திருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. ரொம்ப வருடமாகச் சுகர். மூன்று வாரமாக, தூரத்தில் எதைப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்கிறார். 'சுகரால் வந்த நரம்பு பலவீனம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்' என்றார்கள். தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனால், திருநீறு பூசும்போது நெற்றியில் இடது பாதி உணர்வே இல்லையாம். 2015-இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
- பெயர் வேண்டாம், திருவாரூர்

பதில்: கடைசியில் எழுதியதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். கண் டாக்டரிடம் சொன்னீர்களா? உங்களைக் குறை சொல்லவில்லை. பல வருடம் முன்பு இதே மாதிரி வந்த ஒரு பெண்மணியிடம், 'வேறு ஏதாவது வியாதி உண்டா?' என்று கேட்டேன். 'சுகர் மட்டும்தான் சார்' என்றார். மார்பக ஆபரேஷன் அவர் கணக்கில் வியாதியே இல்லை. அது எப்போதோ முடிந்த கதை. நானும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன். அதிலிருந்து, 'எப்போதாவது கட்டி எடுத்திருக்கிறார்களா?' என்றுதான் கேட்கிறேன்.

கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு சுகரால் படுத்துக்கொள்வது சகஜம். அது தானாகவே தேறும். ஆனால், நெற்றியின் உணர்வு ஐந்தாவது நரம்பின் வேலை. இரண்டும் ஒரே பக்கத்தில் கெட்டால், அவை பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடம் கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கிறது. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள் வருடக்கணக்கில் கழித்துக்கூட அங்கே வந்து உட்காரும்.

கட்டியைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்தை ஏற்றாமல் எடுத்த சி.டி.யில் இது தப்பிவிடலாம். கண்குழிக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் சேர்த்து, மருந்து ஏற்றி, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்; கொழுப்பை மறைக்கும் 'ஃபேட் சப்ரஷன்' முறையும் வேண்டும். கண்குழி முழுக்கக் கொழுப்புதான். சில படங்களில் அதுவும் வெள்ளை, மருந்தை இழுத்த கட்டியும் வெள்ளை. சுகர்காரர் என்பதால் முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுவார்கள். ஸ்கேன் சீட்டில் '2015-இல் மார்பகப் புற்றுநோய்' என்று எழுதச் சொல்லுங்கள். படம் பார்ப்பவர் எங்கே உற்றுப் பார்ப்பது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

புற்றுநோய்தான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். சுகர்காரர்களுக்குக் கரும்பூஞ்சையும் அதே இடத்தில் வரும், 2021-இல் பார்த்தோமே. அதற்கும் காத்திருக்க நேரமில்லை. காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம். பூஞ்சையாக இருந்தால் தீயில் எண்ணெய். கட்டியாக இருந்தால் வீக்கம் வடிந்து, குணமானது போல ஏமாற்றும்.

கட்டி தெரிந்தால் அடுத்தது பயாப்ஸி, அதாவது ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. அந்த இடத்தில் ஊசி போவது சிரமம் என்பதால், உடம்பில் எளிதாக எடுக்கக்கூடிய வேறு இடம் உண்டா என்று முழு ஸ்கேனில் தேடுவார்கள். 2015 ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள், ஆனால் அது மட்டும் போதாது. பரவிய கட்டியின் ஹார்மோன் குணம் பழையதிலிருந்து மாறியிருக்கலாம், மருந்தும் அதைப் பொறுத்துத்தான்.

அதுவரை அம்மா படி இறங்கும்போது ஜாக்கிரதை. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் செல்லோடேப் ஒட்டுங்கள், இரட்டை மறைந்துவிடும். இந்த வாரமே போங்கள். பார்வை மங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் வீங்கினாலோ அன்றைக்கே.

கேள்வி: புற்றுநோய் பரவினால் கண் பிதுங்கும் என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த என் சித்திக்கு ஒரு கண் உள்ளே போயிருக்கிறது. வயதுதானே காரணம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: வயதானால் இரண்டு கண்ணும்தான் உள்ளே போகும். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை, பரவிய இடத்தில் தழும்பு போல இறுகி, கண்ணைப் பின்னால் இழுத்துவிடும். சித்தியின் பழைய போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். ஆதார் அட்டைப் படம் வேண்டாம், அதில் யாருக்குமே கண் சரியாக இருக்காது. கல்யாண ஆல்பம் உத்தமம்.