அத்திப்பட்டைக் கஷாயம் குடித்தால் ரத்தப்போக்கு நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. வயதுக்கு வந்ததிலிருந்தே மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். போன மாதம் பல் பிடுங்கிய இடத்தில் மறுநாள் வரை கசிந்துகொண்டே இருந்தது. அத்திப்பட்டைக் கஷாயம் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கஷாயம். எனக்கு உறுத்துவது அந்தப் பல் விஷயம்தான். மூக்கு, பல், மாதவிலக்கு என எங்கே ரத்தம் வந்தாலும் நிற்கத் தாமதமாகிறது என்றால், கோளாறு கருப்பையில் இல்லாமல் ரத்தம் உறைவதிலேயே இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் நோய் என்று ஒன்று உண்டு, பிறவியில் வரும் ரத்தப்போக்குக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது அதுதான், ஆனால் வழக்கமான உறைதல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றிவிடும். அதனால் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையோடு, ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்தையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், இத்தனை நாள் போக்கில் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, அத்திக்கு வருகிறேன். ஆயுர்வேதம் உதும்பரம் என்று சொல்வது நம் நாட்டு அத்தி. உலர்த்தி விற்கிறார்களே, அந்தச் சீமை அத்தி வேறு மரம். நாட்டு அத்தியின் பட்டை நல்ல துவர்ப்பு. அதிலுள்ள டானின் திசுவைச் சுருக்கும், ஈறு லேசாகக் கசிந்தால் கஷாயத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்வது இதனால்தான். மூலத்தில் ரத்தம் போனாலும், பெரும்பாடு என்கிற அதிக மாதவிலக்குப் போக்கிலும் உள்ளுக்கும் கொடுப்பதுண்டு. ஆனால் ரத்தத்தில் இல்லாத உறைதல் காரணியை எந்தப் பட்டையும் உண்டாக்கித் தராது. ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையே, ரத்தபித்தம் என்கிற ரத்தப்போக்கு நோயை மேல்வழி, கீழ்வழி என்று பிரித்து, இரண்டு வழியிலும் வந்தால் தீராது என்று கைவிரித்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு மூக்கிலும் வருகிறது, கீழேயும் போகிறது. அதற்காகப் பயந்துவிடாதீர்கள், குறைகிற காரணியை ஊசியில் ஏற்ற அன்று வழியில்லை, இன்று இருக்கிறது. மாதவிலக்குப் போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரையும் இருக்கிறது.

பரிசோதனை முடிவு வந்த பிறகு, சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியப்படுத்திவிட்டு அத்தியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் நேரத்தில் மட்டும் கஷாயம் வேண்டாம், டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. பழம் சாப்பிட ஆசைப்பட்டால் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள், அத்தனையும் சொத்தை என்று பழமொழியே இருக்கிறது!

வயிற்றுவலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் போதும். மூக்கில் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.