பழைய ஸ்பேரில் புது வேகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் பழைய ஆர்எக்ஸ் 135 பிளாக் (சிலிண்டர்) வாங்கிப் போட ஆசை. முதலில் எதை வாங்குவது? (விழுப்புரம்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்து கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பிஸ்டனோடு இணைக்கும் ராடை மேலும் கீழும் ஆட்டினால் லேசாகக்கூட ஆடக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம். இரண்டு வண்டிக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. தான். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 50-லிருந்து 58 ஆவதால் 98 சிசி 132 ஆகிறது. ஸ்ட்ரோக் ஒன்று என்பதால் "அப்படியே உட்காரும்" என்பார்கள். உட்காராது. பெரிய ஸ்லீவ் (பிளாக்கின் உள்குழாய்) இறங்க, கிராங்க் உட்காரும் கிராங்க்கேஸின் வாயை லேத்தில் அகலப்படுத்த வேண்டும். அதில் கை தவறினால் போவது இன்ஜின் நம்பர் அடித்த கிராங்க்கேஸ். ஆகவே முதலில் நல்ல லேத்காரர், அப்புறம்தான் பிளாக். பிளாக்கும் ஹெட்டும் பழையதாக இருக்கலாம். பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதுதான். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போர் போட (துளையைக் கடைய) சொல்லுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து ஆன்லைனில் பிளாக் வாங்கினேன். என் பிஸ்டன் உள்ளே போகவில்லை. அளவு நான் கேட்கவில்லை. யார் மேல் புகார் கொடுப்பது? (சேலம்)

பதில்: உங்கள் மேல்.

கேள்வி: "ஜப்பான் பிளாக்" என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? (திருச்சி)

பதில்: ஆரம்ப கால வண்டிகளில் ஜப்பான் பாகங்கள் இருந்தது உண்மை. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு இன்னும் இத்தனை ஜப்பான் பிளாக் எங்கிருந்து முளைக்கிறது? நான் வாங்கிய ஒன்று என் பரணில் கிடக்கிறது. கடைசி ஓவர்சைஸ் (இனி அகலப்படுத்த முடியாத அளவு) வரை போர் போட்டு முடித்தது; எழுத்து மட்டும் ஜப்பான். போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளக்கவிடாத கடையில் நிற்காதீர்கள்.

கேள்வி: "புது ராடு போட்டது" என்று வாட்ஸ்அப்பில் சொல்லி 4,500 ரூபாய்க்கு கிராங்க் விற்றார்கள். ஒரே வாரத்தில் தட்டல் சத்தம். பிரித்தால் பழைய ராடு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் இருக்கிறதாம். கல்லூரி மாணவன், சேர்த்து வைத்த பணம் சார். (ஈரோடு)

பதில்: தம்பி, அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதே. பில் புத்தகம் அச்சடிக்கும்போதே சட்டத்தையும் அச்சடித்துவிட்டதாக நம் கடைக்காரர்களுக்கு நினைப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். பழைய பொருள் தேய்ந்திருக்கலாம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் புது ராடு என்று சொல்லிப் பழையதைத் தருவது தேய்மானம் இல்லை, பொய். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதே. ராடைப் படம் எடு, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கு, இன்றைக்கே கடைக்கு எழுத்தில் கேள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழை. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 4,500 ரூபாய்க்காக யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் வியாபாரம் ஓடுகிறது. நீ அலை.

கேள்வி: முழு இன்ஜினே மலிவாகக் கிடைக்கிறது. பேப்பர் மட்டும் இல்லை. பரவாயில்லையா? (கோவை)

பதில்: திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் நீங்களும் காவல் நிலையத்தில் உட்கார வேண்டும். பேப்பர் இருந்தாலும், இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். ஆர்சி புக்கில் 98 சிசி என்று இருக்க 132 சிசி ஓட்டப்போகும் விழுப்புரத்துக்காரரும் இதைப் படிக்கவும்.

கேள்வி: போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளைப் பெரிதாக்குவது) செய்து, ரேஸ் சைலன்சர் போட்டேன். முதல் நாளே பிஸ்டன் ஜாம். பிஸ்டன் டூப்ளிகேட்டா? (நாகர்கோவில்)

பதில்: கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கிராங்க் ஆயில் சீலில் காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டன் கம்பெனியை அப்புறம் திட்டலாம்.