கறியும் குதிரையும்: சொல் கேள்வி-பதில்

மகள் ‘ஸ்டேஷனரி’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘ஏ’ போட்டு எழுதினாள். டீச்சர் அந்த எழுத்தை அடித்துவிட்டு ‘ஈ’ போட்டார். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதானே? (வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

உச்சரிப்பு ஒன்றுதான். ‘ஏ’ போட்டால் நகராமல் நிற்பது, ‘ஈ’ போட்டால் பேனா, காகிதம். வேரும் ஒன்றே: நிற்பது, நிற்கும் இடம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல். மத்திய கால ஐரோப்பாவில் சரக்கைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள்தான் அதிகம். பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர் வந்தது. அவர் விற்ற சரக்கு ஸ்டேஷனரி. பேக்கர், பேக்கரி மாதிரி கடைக்காரர் பெயரோடு ஒரு ‘ஒய்’ சேர்கிறது, அவ்வளவுதான். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் அந்த ‘ஈ’ மறக்காது. பிரெஞ்சில் இந்தச் சிக்கலே இல்லை. நகராதது ‘ஸ்தசியோனேர்’, எழுதுபொருள் கடை ‘பாப்பேத்ரி’.

‘பிரின்சிபல்’ இரண்டு விதமாக எழுதப்படுகிறதே? (மாணவர், காத்ர் போர்ன்)

‘ஏ எல்’ என்று முடிந்தால் தலைமையானவர் அல்லது முதன்மையானது. கடனில் வட்டி போக மிச்சமுள்ள அசலும் அதுவே. ‘எல் ஈ’ என்று முடிந்தால் கொள்கை. சந்தேகம் வந்தால் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள். கொள்கைக்கு ‘பிரான்சீப்’, முதன்மைக்கு ‘பிரான்சிபால்’. ‘ஆல்’ கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஏ எல்’.

ஒருவரைக் காக்கா பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘கரி ஃபேவர்’ என்கிறார்கள். நம் கறிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், போர்ட் லூயிஸ்)

துளியும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் ‘கரி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது என்று பொருள். குதிரை தேய்க்கும் பல் வைத்த கருவிக்கு இன்றும் ஆங்கிலத்தில் ‘கரிகோம்ப்’ என்றுதான் பெயர். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சில் ஒரு செய்யுட்கதை எழுந்தது. அதில் ஃபோவேல் என்ற குதிரை அரண்மனையில் உட்கார்ந்துகொள்ள, சமயத் தலைவர்களும் அரசு அதிகாரிகளும் வரிசையில் நின்று அதைத் தடவிக் கொடுக்கிறார்கள். ‘ஃபோவேலைத் தேய்ப்பது’ என்றால் காரியம் சாதிக்கக் குழைவது. இங்கிலாந்துக்கு வந்த பிறகு குதிரையின் பெயர் யாருக்கும் விளங்காமல் போய், காதுக்குப் பழகிய ‘ஃபேவர்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் கறியின் கதை வேறு. சங்கத் தமிழில் கறி என்றால் மிளகு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த சரக்கில் ‘கருங்கறி மூடை’யும் உண்டு, அதாவது மிளகு மூட்டை. பிறகுதான் மசாலா போட்ட காய்க்கும் இறைச்சிக்கும் அந்தப் பெயர் விரிந்தது. ஐரோப்பியர் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பதிவாகிவிட்டது. பிரெஞ்சிலும், அதிலிருந்து பிறந்த நம் தீவு மொழியான க்ரியோலிலும் ‘கரி’. சந்தையில் கட்டுக் கட்டாக வைத்து நாம் ‘கரிப்புலே’ என்று கேட்டு வாங்குவதும் நம் கறிவேப்பிலைதான். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத கடைக்காரரும் இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் சொல்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அப்புறம் ஒன்று. க்ரியோல் பழக்கத்தில் பிள்ளைகள் தமிழ் வகுப்பிலும் ‘கரி’ என்றே எழுதிவிடுகிறார்கள். இடையின ‘ர’ போட்டால் அது அடுப்புக்கரி. வல்லின ‘ற’ போடச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் ‘டெசர்ட்’ என்று எழுதும்போது பாலைவனத்துக்கும் சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்புக்கும் ‘எஸ்’ குழப்பம். எப்படி நினைவில் வைப்பது? (மாணவி, வாக்வா)

பாலைவனத்துக்கு ஓர் ‘எஸ்’, இனிப்புக்கு இரண்டு. பாலைவனம் ‘கைவிடப்பட்டது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இனிப்பின் பெயர் ‘தெஸ்ஸெர்வீர்’ என்ற பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது, அதாவது மேசையில் பரிமாறியதை எடுத்துத் துடைப்பது. எல்லாம் எடுத்தபின் வருவது இனிப்பு.

நம் பிள்ளைகள் தவறுவது உச்சரிப்பில். பிரெஞ்சில் இரட்டை ‘எஸ்’ என்றால் ‘எஸ்’ ஒலிதான், ஒற்றை ‘எஸ்’ இரண்டு உயிர்களுக்கு நடுவே ‘இசட்’ ஆகும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இனிப்பை ‘எஸ்’ ஒலியோடு சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ‘இசட்’ ஒலிதான். பாலைவனத்துக்கு முதல் அசையில் அழுத்தம், இனிப்புக்கு இரண்டாம் அசையில்.

பேரனை லைப்ரரிக்குப் போகச் சொன்னால் புத்தகக் கடைக்குப் போய் நிற்கிறான். (தாத்தா, கியூர்ப்பிப்)

பேரன் மேல் தப்பில்லை ஐயா. பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ என்றால் புத்தகக் கடையேதான். நூலகம் ‘பிப்லியோதேக்’. ஆங்கில லைப்ரரியும் பிரெஞ்சு லிப்ரேரியும் ‘லிபெர்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்தவை. முதலில் மரத்தின் உள்பட்டை, பிறகு புத்தகம் என்று அதற்குப் பொருள் வந்தது. அடுத்த தடவை ‘பிப்லியோதேக்’ என்றே சொல்லி அனுப்புங்கள், உங்கள் ஊர் கார்னெகி நூலகத்துக்கு நேராகப் போய்விடுவான்.