ஐநூறு ரூபாய் ஆடிட்டரா, ஐயாயிரம் ரூபாய் ஆடிட்டரா?

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் நுகர்வோர் கடிதங்களில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பின்வாங்கிவிடும். வருமான வரி முன்னால் வந்து நிற்கும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்தைப் பற்றியவை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதே என்று இருவர் பதறியிருக்கிறார்கள். இப்போது நாம் காட்டப்போகும் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டின் பழைய சட்டம்தான். பதற வேண்டாம்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லை. கடந்த அக்டோபரில் நிறுவனம் மாறினேன். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனங்கள் தரும் சான்றான படிவம் 16 இரண்டு கையில் இருக்கின்றன; இரண்டிலும் வரிப் பிடித்தம் பூஜ்யம். எனக்கு ஆடிட்டர் தேவையா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு வரிகளோடு நிறுத்தியிருந்தால், ‘ஒருவருக்கும் காசு கொடுக்காதீர்கள், நீங்களே செய்துவிடுங்கள்’ என்று எழுதியிருப்பேன். ஒரே நிறுவனம், ஒரே படிவம் 16, கொஞ்சம் வங்கி வட்டி என்பவர்களுக்கு வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே பாதி விவரங்கள் நிரப்பப்பட்டு வந்துவிடும். தாக்கல் செய்யக் கட்டணமும் இல்லை. உங்கள் வருமானம் பற்றித் துறை திரட்டி வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏஐஎஸ்) அங்கேயே திறந்து, அதில் இருக்கும் வட்டியெல்லாம் படிவத்திலும் வந்திருக்கிறதா என்று ஒத்துப்பார்த்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

உங்கள் மூன்றாவது வரியில்தான் வம்பு இருக்கிறது. முதல் நிறுவனத்தில் மாதம் 1 லட்சம், இரண்டாவதில் 1.25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம், ‘ஆண்டுக்கு 12 லட்சம், சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 75,000 போனால் 12 லட்சத்துக்குள்தான்; தள்ளுபடி உண்டு, வரி வராது’ என்று கணக்குப் போட்டுப் பிடிக்காமல் விட்டது. இரண்டாவது நிறுவனத்துக்குத் தெரிந்தது தான் கொடுத்த ஆறு மாதச் சம்பளமான 7.5 லட்சம் மட்டுமே. அதற்கும் வரி வராது. இரண்டு பேருமே 4 லட்சம் வரையிலான வரிவிலக்கையும் 12 லட்சம் வரையிலான தள்ளுபடியையும் 75,000 கழிவையும் உங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் ஒரு தடவைதான் கொடுக்கும்.

முதல் நிறுவனத்தின் ஆறு மாதச் சம்பளமான 6 லட்சத்தையும் இந்த 7.5 லட்சத்தையும் கூட்டினால் 13.5 லட்சம். நிலைக்கழிவு போக 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு என்ற புதிய வரி முறையில் (புதிய சட்டம் வேறு, இது வேறு) 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி 75,000க்கு 15 சதவீதம், 11,250. ஆக 71,250. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் 74,100 ரூபாய். பிடித்தம் பூஜ்யம் என்பதால் அத்தனையும் இப்போது உங்கள் கையிலிருந்து போக வேண்டும். கூடவே ஏப்ரல் முதல் மாதம் 1 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பணமாக வரி கட்டாமல் தவணைகளைத் தவறவிட்டதற்குத் தனி வட்டியும் உண்டு. ஜூலை 31 வரை நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை.

உங்களுக்கு ஆடிட்டர் தேவைப்படலாம். இந்த 74,100ஐ அவரால் மாயமாக்க முடியாது. ஆனால் வீட்டு வாடகை, வீட்டுக்கடன் வட்டி, பிஎஃப், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்களுக்குக் கணிசமாக இருந்தால், இவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரி முறையில் போட்டால் குறையுமா என்று இரண்டு கணக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய முறையைத் தேர்ந்தெடுக்கக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்; தாமதமானால் புதிய முறைதான். அடுத்த முறை வேலை மாறும்போது, பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்தில் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். அவர்களே கணக்கிட்டு மாதாமாதம் பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் மில்லில் பலருக்கும் ஒரே ஆள்தான் வரிக் கணக்கு போடுகிறார். பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருவார். வருவதில் 10 சதவீதம் அவருக்கு. போன வருடம் எனக்கு 40,000 வந்தது. நன்கொடை ரசீது எதுவும் நான் கொடுக்கவில்லை. இந்த வருடமும் கூப்பிடுகிறார். போகலாமா? (வாசகர், கோவை)

பதில்: போகக் கூடாது. போன வருடத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அவர் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. புதிய முறையில் இந்தக் கழிவுகளுக்கு இடமில்லை என்பதால் உங்களைப் பழைய முறைக்கு மாற்றியிருப்பார். பிறகு நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக 80ஜிஜிசி பிரிவில் எழுதியிருப்பார். அல்லது இல்லாத கல்விக்கடனுக்கு வட்டி, இல்லாத வாடகை, வராத நோய்க்கு வைத்தியச் செலவு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது இப்படிப்பட்ட இடைத்தரகர்களைக் குறிவைத்துத்தான். தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. மொத்தமாகத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, பிறகு அவற்றை இவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று துறையே அப்போது சொன்னது. நோட்டீஸ் அந்த முகவரிக்குப் போகும். யாரும் படிக்க மாட்டார்கள். உங்களுக்குத் தெரியும்போது கெடு முடிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 40,000 வந்தது, 4,000 அவருக்குப் போனது. பிடிபட்டால் 40,000ஐ வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பொய்த் தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அபராதம், தப்பித்த வரியைப்போல் இரு மடங்கு, அது 80,000. அவர் வாங்கிய 4,000ஐ யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. படிவத்தில் இருப்பது உங்கள் பான் எண். ‘இதில் உள்ளவை உண்மை’ என்று ஓடிபி கொடுத்து உறுதிசெய்ததும் நீங்கள்தான்.

வழி இருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட கணக்கு என்ற வசதியில் பொய்க் கழிவை நீக்கிவிட்டு, வரியையும் வட்டியையும் அவற்றின் மேல் 25 சதவீதக் கூடுதல் தொகையையும் கட்டிவிடலாம். போன வருடக் கணக்குக்கு இந்த 25 சதவீத விகிதம் 2027 மார்ச் 31 வரை. அதற்குப் பிறகு 50, 60, 70 என்று ஏறும். நோட்டீஸ் வருவதற்கு முன் செய்வதுதான் புத்திசாலித்தனம். சோதனைக்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்று துறை அறிவித்தது. கூச்சப்பட வேண்டாம். ஆனால் இந்த வேலைக்கு மில் வாசல் ஆளிடம் திரும்பப் போகாமல் ஒரு பட்டயக் கணக்காளரிடம் (சி.ஏ.) போங்கள்.

இன்னொன்று. திரும்ப வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவதே ஓர் அடையாளம். வேலையின் விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவது பட்டயக் கணக்காளர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் பட்டயக் கணக்காளராக இருக்க மாட்டார்.

கேள்வி: வயது 78. ஓய்வூதியம் ஒரு வங்கியில், வைப்புத்தொகை வேறு இரண்டு வங்கிகளில். பல வருடங்களாக ஒருவர்தான் எல்லாம் பார்த்தார். பாஸ்வேர்ட், மொபைல் எண் எல்லாம் அவருடையது. இரண்டு மாதமாகப் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது போன்ற நிலைதான். ஆனால் பூட்டை மாற்ற முடியும். உங்கள் ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உங்களிடம் இருந்தால் போதும். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஆதார் ஓடிபி வழியாகப் புதிய பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் முதல் வேலையாகச் சுயவிவரப் பகுதியில் அவருடைய மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் கால் மணி நேர வேலை.

பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் கணக்கு உண்மையில் தாக்கல் ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தாலும் உறுதிசெய்யப்பட்டிருக்கிறதா, நிலுவை என்று ஏதாவது தொகை நிற்கிறதா. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ, கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளைப் பெங்களூருவுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியோ உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்குதான்.

75 வயதைத் தாண்டியவர்கள் தாக்கலே செய்ய வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: சம்பளத்தோடு பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் விற்றிருக்கிறேன். ஒருவர் 500 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 5,000 என்கிறார். ஒரே படிவத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? (வாசகி, சென்னை)

பதில்: நம் ஊரில் கணக்கு எழுதுபவர் எல்லோரும் ஆடிட்டர்தான். என் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஜூலையில் மட்டும் ‘இன்கம்டாக்ஸ்’ என்று ஓர் அட்டை தொங்கும். ஆகஸ்டில் அதே ஆணியில் பள்ளி நோட்டு அட்டை. பிறருக்காகப் படிவத்தை நிரப்பித் தர உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால் இது சட்ட மீறலும் இல்லை. 500 ரூபாய்க்குப் படிவம் நிரப்பும் வேலை மட்டும் கிடைக்கும். ஒரே ஒரு படிவம் 16 உள்ளவருக்கு அதுவே அதிகம்.

உங்கள் கதை வேறு. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி, பங்கு விற்ற லாபத்துக்கான தனி விகித வரிக்குப் பொருந்தாது. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் தொட்டிருந்தால் அது வணிக வருமானம், படிவமே மாறும். நஷ்டம் இருந்தால் அதை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக உரிய தேதிக்குள் தாக்கல் ஆக வேண்டும். இவற்றையெல்லாம் உங்களிடம் முதலில் கேட்பவர் யாரோ அவரிடம் போங்கள். பான் எண்ணும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்பவரிடம் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் நீங்களும் கேளுங்கள். பட்டயக் கணக்காளர் என்றால் உறுப்பினர் எண் என்ன என்று கேட்டு, இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் (ஐசிஏஐ) இணையதளத்தில் சரிபாருங்கள். பின்னால் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது இந்தக் கட்டணத்தில் அடங்குமா? தாக்கலுக்கு முன் கணக்கீட்டுத் தாளைக் காட்டுவாரா? பில் கொடுப்பாரா? ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால் 18 சதவீதம் கூடும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கணக்கீட்டுத் தாளைக் காட்டத் தயங்குபவர் 5,000 வாங்கினாலும் ஜெராக்ஸ் கடைதான்.

ஜூன் 15க்குப் பிறகு போங்கள். அதுதான் நிறுவனங்கள் படிவம் 16 கொடுக்கக் கடைசி நாள். ஜூலை கடைசி வாரத்தில் எந்த நல்ல ஆடிட்டரும் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். போகும்போது பங்குத் தரகரின் ஆண்டு லாப நஷ்ட அறிக்கை, ஃபண்டு கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்கள் தரும் மூலதன லாப அறிக்கை, எல்லா வங்கிக் கணக்குகளின் வட்டி விவரம் ஆகியவை பையில் இருக்கட்டும். நீங்கள் மறந்துபோன அந்தப் பழைய சேமிப்புக் கணக்கும் சேர்த்துத்தான். உங்களுக்கு மறந்திருக்கலாம், துறையின் தகவல் அறிக்கைக்கு மறக்காது.

கேள்வி: வருமானம் 6 லட்சம். வரி பூஜ்யம். தாக்கல் செய்யாமல் விட்டால் என்ன? (வாசகர், சேலம்)

பதில்: வரி பூஜ்யம் என்பது வேறு, தாக்கல் கடமை வேறு. புதிய முறையில் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். தேதி தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு போடலாம். வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால் உங்களுக்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வராத வரிக்கு ஏன் இந்தத் தண்டம்?

கேள்வி: ஆடிட்டர் என் வாடகை வருமானத்தைச் சேர்க்காமல் விட்டதால் வட்டி கட்டினேன். அவரிடம் கேட்க முடியுமா? (வாசகி, திருச்சி)

பதில்: வாடகை விவரத்தை நீங்கள் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? மின்னஞ்சலோ வாட்ஸ்ஆப் செய்தியோ இருந்தால் கேட்கலாம். வரி எப்படியும் நீங்கள் கட்ட வேண்டியது. கூடுதலாகப் போன வட்டியையும் அவருக்குக் கொடுத்த கட்டணத்தையும் கேட்டு முதலில் எழுத்தில் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வாயால் சொன்னதாக மட்டும் நினைவிருக்கிறது என்றால், வட்டியை மறந்துவிட்டு ஆளை மாற்றுங்கள்.