வாடகை பாக்கிக்கு நோட்டீஸ்: என்ன எழுத வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் எங்களுக்கு நாலு லைன் வீடு இருக்குதுங்க. ஒன்றில் பனியன் கம்பெனி டெய்லர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார், வாடகை 6,500, அட்வான்ஸ் 15,000. நாலு மாதமாக வாடகை வரவில்லை, நடுவில் ஒரு தடவை 3,000 மட்டும் கொடுத்தார். கேட்டால் பீஸ் ரேட் வேலை இல்லை, நோம்பி முடியட்டும், அட்வான்ஸில் கழிச்சுக்குங்க என்கிறார். ஒப்பந்தம் எழுதி ஆன்லைனில் பதிந்து எண்ணும் வாங்கியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் 'பத்து நாளில் காலி பண்ணுங்க' என்று போட்டேன், பதிலே இல்லை. ஃபியூஸைப் பிடுங்கினால் தானாகப் போய்விடுவார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, முதலில் அந்த அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். கரண்ட், தண்ணீர் எதை நிறுத்தினாலும், பாக்கி வைத்தவர் டெய்லராக இருக்க, வாடகைப் புகார்களை விசாரிக்கிற அரசு அலுவலரான வாடகை அதிகாரி முன்னால் பதில் சொல்கிறவர் நீங்களாகிவிடுவீர்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை நின்றாலே வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பாக்கியைக் கட்டச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் அவர் முழுசாகக் கட்டாமல் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டதில் பாக்கி எவ்வளவு என்பதே இல்லை, காலி பண்ணுங்க என்பது மட்டும்தான் இருக்கிறது. அதை நம்பி கேஸ் போட்டால் நிற்காது.

நோட்டீஸில் உங்கள் பெயர், அவர் பெயர், கதவு எண், ஒப்பந்த எண் போடுங்கள். அப்புறம் எந்தெந்த மாத வாடகை வரவில்லை என்று ஒவ்வொரு மாதமாக எழுதி, வந்த 3,000-ஐ மறக்காமல் கழித்து, மீதி 23,000 என்று காட்டுங்கள். தண்ணீர், கரண்ட் பாக்கி இருந்தால் தனி வரியில் வரட்டும். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியை உங்கள் இஷ்டத்துக்குப் போடாதீர்கள், கூடக் கேட்ட ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்தக் கணக்கும் தப்பு என்பார். 'இது கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், தவறினால் வாடகை நீதிமன்றத்தில் மனு போடுவேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போடுங்கள். திட்டெல்லாம் வேண்டாம்.

தபாலில் அனுப்பலாம், நேரில் அவரிடமோ, வீட்டில் அவர் குடும்பத்தார் ஒருவரிடமோ கொடுக்கலாம். அதெல்லாம் முடியாமல் போனால்தான் கதவில் ஒட்டுவது. நான் தபாலைத்தான் சொல்வேன், ஒரு மாதக் கணக்கு அவர் கைக்குப் போன நாளிலிருந்து ஓடுவதால் அந்தத் தேதிக்கு உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், நகலும் ஒன்று இருக்கட்டும்.

அட்வான்ஸ் விஷயம். அது காலி பண்ணும்போது பாக்கி, சேதாரம் போக மீதியைத் திருப்பிக் கொடுக்கிற பணம், மாசாமாசம் கழிக்கிறதுக்கு இல்லை. இங்கே பாக்கியே அட்வான்ஸைத் தாண்டிவிட்டது.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பணத்தையும் கொண்டுவந்தால் வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள், இந்தப் பாக்கியைச் சொல்லி அப்புறம் வெளியேற்ற முடியாது. பலருக்கு இது கசப்பாக இருக்கும், எனக்கு நியாயமாகத்தான் படுகிறது, ஆர்டர் இல்லாத மாதத்தில் டெய்லர் வேறு என்னதான் செய்வார்? ஆனால் இந்தச் சலுகை ஒரு தடவைதான். அதன் பிறகு ஒரே வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் அது மறுபடி கிடைக்காது. கட்டவே இல்லையென்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள், பூட்டை உடைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வாடகையை வாங்க மாட்டேன் என்கிறார். பாக்கி என்று காட்டி எங்களை வெளியே அனுப்பத்தான் இப்படிச் செய்கிறாரா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இருக்கலாம். வாங்காத பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள். அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், எந்த மாத வாடகை என்று குறிப்பும் போடுங்கள். அதையும் திருப்பி விட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டச் சட்டத்தில் வழி இருக்கிறது, கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.