நோட்டீஸ் கையில் வந்த பிறகு

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். வள்ளியூரில் சின்னதாக டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஃபிளக்ஸ் எல்லாம் செய்கிறோம். போன மாதம் பக்கத்து ஊரில் நடந்த சட்ட விழிப்புணர்வு முகாமுக்கு பேனரும் துண்டுப் பிரசுரமும் கேட்டார்கள். கொடுத்த மேட்டர் இரண்டு பக்கம், முழுக்க சட்டப் பிரிவு எண்கள். அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன். முகாமன்று ஒரு ஆச்சி பிரசுரத்தை என்னிடமே நீட்டி, "எய்யா, இதுல எனக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சட்டத்தைச் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி படமாக, வடிவமாகச் செய்ய முடியுமா? என்னைப் போன்றவர்கள் அதில் கை வைக்கலாமா? தெரிந்த வக்கீல் ஒருவர், "எளிமையாக்குறேன்னு ஒரு வார்த்தையை விட்டாலும் அர்த்தம் மாறிடும், இது உன் வேலை இல்ல" என்கிறார்.

செ., வள்ளியூர்

அன்புள்ள செ.,

தாராளமாகக் கை வைக்கலாம். உங்களைப் போன்றவர்கள் வராமல் இது நடக்காது என்றே நினைக்கிறேன். வக்கீல் சொல்லும் பயம் நியாயமானதுதான், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆச்சி கேட்ட கேள்விக்கு வருவோம்.

அதற்குப் பதில் இருக்கிறது. ஏழைக்கும் நீதி கிடைக்க அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதை நடத்திக்காட்ட 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் வைத்துத் தர வேண்டும். ஆக, பிரசுரத்தில் அந்த ஆச்சிக்கு இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: "நீங்க பொம்பளையாப் பொறந்ததே போதும். உங்க கேஸுக்கு வக்கீல் ஃபீஸ் கிடையாது. இலவச சட்ட உதவிக்கு 15100க்கு போன் போடுங்க." உங்களுக்குக் கொடுத்த இரண்டு பக்கத்திலும் இது எங்காவது இருந்திருக்கும். ஆனால் ஆச்சியின் கண்ணுக்குப் படும் இடத்தில் இருந்திருக்காது.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். மகன் படிக்க வாங்கிய கல்விக் கடனுக்காக அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மேலே அரசு முத்திரை, உள்ளே ஒரு தேதி. போலீஸ் வரப்போகிறது என்று நினைத்து அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்கள். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு ஏதோ பேசப் போன இடத்தில் தற்செயலாக அதை என்னிடம் எடுத்துக் காட்டினார்கள். அது மக்கள் நீதிமன்றத்துக்குப் பேச வரச்சொன்ன அழைப்பு. கடனைக் கட்ட முடியாமல் போனதற்காக யாரும் ஜெயிலில் போடப்போவதில்லை. அங்கே சமாதானம் பேசலாம், வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. இத்தனையும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அந்தத் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. பிரிவு எண் இருந்தது, கடன் கணக்கு எண் இருந்தது, பயப்படுவதற்கு வேண்டியதெல்லாம் இருந்தது.

அந்தத் தாளை யாரோ ஒருவர்தான் வடிவமைத்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். எதை மேலே போடுவது, எதைச் சின்ன எழுத்தில் போடுவது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் டிசைன் வேலைதானே. இன்றைக்கு அதைப் பழைய படிவத்தைப் பார்த்து டைப் அடிப்பவர் செய்துகொண்டிருக்கிறார். தெரிந்தவர் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் கணக்கே இருக்கிறது. அங்கே சின்னக் குற்றங்களுக்குத் தரும் சம்மன் தாளை 2016இல் மாற்றினார்கள். எந்த நாள், எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதைத் தாளின் மேற்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள்; வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெளிவாக எழுதினார்கள். சட்டத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. அதற்கே கோர்ட்டுக்கு வராமல் போகிறவர்கள் சுமார் 13 சதவீதம் குறைந்தார்கள். செல்போனுக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தபோது 21 சதவீதம் குறைந்தது. 2020இல் சயன்ஸ் இதழில் இந்த ஆய்வு வந்தது. வாய்தாவுக்கு வராதவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற எண்ணம் நம் ஊரிலும் உண்டு. தாள் புரியாததால் வராதவர்கள் எத்தனை பேரோ!

அதே நியூயார்க்கில் கேண்டி சாங் என்ற வடிவமைப்பாளர் 2009இல் தெருவோர வியாபாரிகளுக்காக ஒரு மடிப்புத் தாள் செய்தார். பல ஊர்களிலிருந்து வந்த, இங்கிலீஷ் சரியாக வாசிக்க வராத வியாபாரிகள் அவர்கள். வண்டியை எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், லைசென்ஸை எங்கே மாட்ட வேண்டும் என்பதையெல்லாம் படமாகவே போட்டுச் சில மொழிகளில் கொஞ்சம் எழுத்து சேர்த்தார். இது நம்முடைய திருநெல்வேலி டவுன் ரதவீதிக்கும் வேண்டும். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடித்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. பிறகு அப்புறப்படுத்துவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பூக்கூடை வைத்திருக்கும் பெண் அந்த 30 என்ற எண்ணை ஒரு படத்தில் பார்த்திருந்தால், வந்து மிரட்டுபவரிடம் நோட்டீஸ் எங்கே என்று கேட்பாள். தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் டி ரூய் என்ற வழக்கறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். பழத்தோட்டத் தொழிலாளர்களின் வேலை ஒப்பந்தத்தையே படக்கதையாக வரையச் செய்தார். தொழிலாளி கையெழுத்துப் போடுவதே அந்தப் படக்கதையில்தான்.

படத்தில் சட்டமா என்று நம் ஆட்கள் தயங்க வேண்டியதே இல்லை. பட்டா நிலத்துக்குப் புலப்படம் என்று ஒன்று இருக்கிறதே! சர்வே எண், கல் நிற்கும் இடம், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள தூரம் எல்லாம் கோட்டிலேயே இருக்கும். எழுத்தைக் கூட்டிப் படிக்கிற சம்சாரி, அதை விரித்து வைத்து வரப்பு யாருடையது என்று சர்வேயரோடு வாதாடுவதை நம் கிராமங்களில் எங்கும் பார்க்கலாம்.

சரி, வக்கீலின் பயம். சட்டத்தின் வாசகத்தை மாற்றி எழுதினால் பொருள் மாறும், உண்மை. ஆனால் வாசகத்தை யாரும் தொட வேண்டியதில்லை. ஒருவருடைய படைப்பை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமம் 2002இல் வந்தபோது அதை அடுக்கடுக்காகச் செய்தார்கள். கீழே வக்கீல்களுக்கான முழு வாசகம் இருக்கும், மேலே சாதாரண ஆள் படிக்க ஒரு பக்கத்தில் சுருக்கமும் சின்னங்களும் இருக்கும். சுருக்கம் சட்டம் ஆகாது, முழு வாசகமே செல்லும் என்றும் அதிலேயே போட்டிருப்பார்கள். நோட்டீஸுக்கும் இது பொருந்தும். பழைய தாள் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் ஒரு தாளை வைத்துப் பின் அடியுங்கள். "இது என்ன, எதற்கு வந்தது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் இலவசமாகக் கேட்கலாம்." இந்த நான்கும் போதும்.

இனி, நம் ஊருக்கென்றே சில விஷயங்கள். நிறத்தில் கவனமாக இருங்கள். இங்கே நிறத்துக்குச் சாதி இருக்கிறது, கட்சியும் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலேயே அது தெரிகிறது. 2023இல் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. தெரியாமல் ஒரு நிறத்தைப் போட்டுவிட்டால், "இது அவங்களுக்கு உள்ளது" என்று பாதிப்பேர் தாளைத் தொடவே மாட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிய தாளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அப்புறம், சுத்தியல் படம் வேண்டாம், நம் கோர்ட்டில் யாரும் சுத்தியல் தட்டுவதில்லை. அதற்குப் பதில் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தின் வாசலை வரையுங்கள். உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்பினால் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் வரும் என்று அம்புக்குறி போடுங்கள். முதல் தடவை அந்த வாசலுக்குப் போகிறவரின் நடுக்கம் அதிலேயே பாதி குறையும். கியூஆர் கோடு போட்டால் பக்கத்தில் போன் நம்பரையும் பெரிதாகப் போடுங்கள். அதையே இரண்டு நிமிட வாட்ஸப் ஒலிப்பதிவாகவும் செய்யலாம். உங்கள் ஊர் வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரைப் பேச வையுங்கள். வில்லில் ஒருவர் கேட்பதும் மற்றவர் சொல்வதும் ஏற்கெனவே இருக்கிற முறை.

எங்கே வைப்பது என்பதும் உங்கள் வேலைதான். முகாமில் கொடுக்கும் தாள், தேவை வரும் நாளில் கையில் இருக்காது. சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் காத்து நிற்கும் பீடிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வெளியே மனு எழுதித் தருகிறவர்களின் மேசை, இங்கெல்லாம் கொடுங்கள்.

எதில் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கந்துவட்டியில் தொடங்குங்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்து மாண்டது. அதற்கு முன் மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. அதீத வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அது தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு. அசலையும் அரசு சொல்லும் வட்டியையும் கோர்ட்டிலேயே கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யச் சொல்லி மனுப் போடவும் வழி இருக்கிறது. இந்த வழியைத் தெரிந்த ஒருவரையும் நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. இது தெரியாமல் ஒரு குடும்பம் அழியலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

வரைந்து முடித்ததும் ஊரில் ஐந்தாறு பேரிடம் காட்டுங்கள். அழகாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். "இதப் பார்த்தாச்சு, நாளைக்குக் காலையில எங்க போவீங்க, கையில என்ன கொண்டு போவீங்க?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் தாளைத் திருத்துங்கள். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரிடம் கொண்டு போங்கள். அவர் நீதித்துறை அதிகாரி. சட்டப் பிழை இருந்தால் சொல்லிவிடுவார். உங்கள் வக்கீல் நண்பரையும் கூடவே கூட்டிப் போங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், முக்கூடல் பீடிக் கடைகளில் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

அன்புடன்.