சின்ன மாமாவின் படம்

ஐயாவுக்கு வணக்கம். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, 1998இல் எயிட்ஸ் நோயால் இறந்தார். அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு என்னும் நினைவு நூலில் 'சிறிதுகாலச் சுகவீனம்' என்று எழுதினார்கள். கடைசி மாதங்களில் பம்பலப்பிட்டியில் அவரோடு தங்கிப் பார்த்துக்கொண்ட நண்பரைச் செத்தவீட்டுக்குள் விடவில்லை. இன்றுவரை சுவரில் படமில்லை, திவசமில்லை. எண்பது வயது அம்மா, தான் கண்மூடுமுன் தம்பியின் படத்துக்கு மாலை போட வேண்டும் என்கிறார். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் பழையதைக் கிளறாதே என்கிறார் அண்ணா. நான் என்ன செய்ய?
வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை இந்த வாரமே மாட்டுங்கள். அந்தத் தாயை இனியும் காக்கவைப்பது கொடுமை.

அண்ணாவின் பயம் எனக்கு விளங்குகிறது, ஊர்வாய் பொல்லாதது. ஆனால் அந்தக் கிருமி பரம்பரையில் இறங்குவதல்ல. மாமா இறந்தபோது இங்கே சாதாரண மக்களுக்கு எட்டிய மருந்து இல்லை. 2004இன் இறுதியில்தான் அரச சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று அதே கிருமியோடு, மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் முதுமைவரை வாழ்கிறார்கள். மருந்து ஆறு வருடம் பிந்தி வந்தது. அதில் மாமாவின் குற்றம் எங்கே?

1987 அக்டோபரில் வாஷிங்டன் திடலில், எயிட்ஸில் இறந்தவர்களுக்காக உற்றாரும் நண்பரும் தைத்த 1,920 துணிகளை விரித்துவைத்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. அத்துணிகளில் சிலவற்றில் முழுப்பெயர்கூட இல்லை. ஆனாலும் அவர்கள் உடுத்திய சட்டையையும் விரும்பிய பொருளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். எவ்வளவு சொல்ல முடிந்ததோ அவ்வளவு சொன்னார்கள், ஆளை விட்டுவிடவில்லை. உங்கள் வீட்டிலோ நோயை மறைக்கப் போய் அவருடைய சிரிப்பு, நட்பு, கடைசி வருடங்கள் எல்லாமே போய்விட்டன.

படத்தின் கீழ் நோயின் பெயர் வேண்டாம். வருகிறவர்கள் கேட்டால் எவ்வளவு சொல்வது என்பதை அம்மா தீர்மானிக்கட்டும். அண்ணாவின் மகளுக்கு மட்டும் முழுவதையும் சொல்லுங்கள். வெளியார் வாயால் அவள் கேட்கக் கூடாது.

அந்த நண்பர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருக்குத் தெரிந்த சின்ன மாமாவை உங்களில் யாருக்கும் தெரியாது. திவசத்துக்கு அம்மாவே அவரை அழைக்கட்டும், முதல் பந்தியில் இருத்துங்கள்.